குடிவைத்தலும் குடிநீக்கலும்

பிறருக்குச் சொந்தமான வீட்டில் மாதக் கணக்கில் பணம் கொடுத்து வசிப்பவரைக் குறிக்கத் தமிழில் இன்று இரண்டு வகைச் சொற்கள் வழங்குகின்றன. ஒப்பந்தப் பத்திரத்திலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் அரசாணையிலும் அவர் 'வாடகைதாரர்'. தெருவிலும் திண்ணையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் அவர் 'குடித்தனக்காரர்', 'குடியிருப்பவர்', இன்னும் சுருக்கமாகக் 'குடிவந்தவர்'. செஞ்சிக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளில் ஒரு வீடு காலியானால், கதவில் தொங்கும் அட்டை 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று அறிவிக்கும். அதே வீட்டைப் பற்றி அண்டை வீட்டார் பேசிக்கொள்ளும்போது, 'அந்த வீட்டுல யாரக் குடிவைக்கப் போறாங்களாம்?' என்றுதான் கேட்பார்கள். அட்டையில் எழுதப்படுவதும் வாயில் வருவதும் ஒரே செய்திதான் என்றாலும், இரண்டு சொற்களுக்கும் பின்னால் மனிதர் ஒரு வீட்டோடு கொள்ளும் உறவைப் பற்றிய இருவேறு நினைப்புகள் இருக்கின்றன.

'வாடகை' என்னும் சொல்லைத் தமிழ்ப் பேரகராதி, கூலி என்று பொருள்படும் 'பாடக' என்ற வடசொல்லோடு இணைத்துக் காட்டுகிறது; கன்னடத்தின் 'பாடிகெ', மராத்தியின் 'பாடே', இந்தியின் 'பாடா' ஆகியவை அதன் உறவுகள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'தார்', பாரசீகத்திலிருந்து ஆட்சிமொழி வழியாக வந்த ஈறு. 'வைத்திருப்பவர்', 'பிடித்திருப்பவர்' என்பது அதன் பொருள். ஜமீன்தார், மிராசுதார், ஜாகீர்தார் என்னும் பதவிப் பெயர்கள் எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஈறே. வியப்புக்குரிய வகையில் ஆங்கிலத்தின் 'டெனன்ட்' என்னும் சொல்லும் 'பிடித்திருத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்தே கிளைத்தது. ஆக, பாரசீகமும் இலத்தீனும் தந்த பெயர்களில் வாடகைக்கு இருப்பவர் ஒன்றைக் கைக்கொண்டிருப்பவராகவே பார்க்கப்படுகிறார். அவர் கைக்கொண்டிருப்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்கது என்பதும் அந்தப் பார்வையிலேயே அடங்கியிருக்கிறது.

'குடித்தனக்காரர்' என்பதில் பணத்தைக் குறிக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. குடி என்பது வீடு. அந்த வீட்டில் வாழும் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வழிவழி மரபு. அத்தகைய குடும்பங்கள் கூடிய ஊர். அந்த ஊர்களின் மக்கள் என்று, சுவரில் தொடங்கி நாடு வரைக்கும் விரியும் சொல். மலையாளத்தில் குடி என்றால் இன்றும் வீடு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே வேரிலிருந்து வந்த, முதலெழுத்து மெலிந்தொலிக்கும் 'குடி' கோயிலைக் குறிக்கிறது. செஞ்சியை ஆண்ட நாயக்கர்களின் தாய்மொழியில் அது கடவுளின் வீடாக இருந்தது. தமிழும் அந்தப் பொருளை முற்றிலும் விட்டுவிடவில்லை. மேல்மலையனூரில் அங்காளம்மன் 'குடிகொண்டிருக்கிறாள்' என்று சொல்லும்போது, தெய்வத்தின் இருப்புக்கும் வாடகை வீட்டில் இருப்பவரின் இருப்புக்கும் ஒரே பெயர்ச்சொல் போதுமானதாக இருக்கிறது. (அருந்துதல் என்று பொருள்படும் குடி வேறொரு வினையின் வேர், ஓசை ஒன்றானதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.) திருக்குறளில் 'குடிமை', 'குடிசெயல்வகை' என இரண்டு அதிகாரங்கள் இந்தச் சொல்லை ஒட்டியே அமைந்திருக்கின்றன, இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குலப் பிரிவுகளின் பெயரும் 'குடி'தான்.

இந்தச் சொல்லோடு சேரும் வினைகள் கவனிக்கத்தக்கவை. வீடு மாறுகிறவர் குடிவருகிறார், குடிபுகுகிறார், குடியிருக்கிறார், குடிபோகிறார். வீட்டுக்கு உரியவர் அவரைக் குடிவைக்கிறார். 'வைத்தல்' என்பது நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்றை வயலில் வைப்பதற்கும், வாசலில் தென்னங்கன்று வைப்பதற்கும், மாடத்தில் விளக்கு வைப்பதற்கும் தமிழர் கையாளும் வினை. வைக்கப்பட்டது வேர்விட வேண்டும், எரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதனுள் இருக்கிறது. வாடகைக்கு 'விடுதல்' என்பதில் அந்த எதிர்பார்ப்பு கிடையாது. வீட்டு வாடகைக்குத் தமிழில் முன்பு பரவலாக வழங்கிய, முதியோர் வாயில் இன்றும் கேட்கக்கூடிய சொல் 'குடிக்கூலி'. பேச்சில் அது 'குடக்கூலி'. ஒருவர் குடியிருப்பதால் அதற்கென்று ஒரு கூலி வந்தது என்பதே அந்தச் சொல்லின் வரிசைமுறை. அன்று குடியிலிருந்து கூலிக்குப் பெயர் வந்தது. இன்று வாடகையிலிருந்து ஆளுக்குப் பெயர் வருகிறது. சொல் வரிசையில் நேர்ந்த இந்தத் தலைகீழ் மாற்றத்தின் வரலாறு, வீடுகளுக்கு முன்பாக நிலத்தில்தான் நடந்தேறியது. அதை அறியச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர்கள் அதிகம் இல்லை.

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரியின் அடிவாரத்தில், தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியம் நிற்கிறது. வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். வெளிச்சம் குறைந்த அந்த நீண்ட கூடத்தில் எழுப்பும் ஓசை கூரையில் பட்டுத் திரும்பும். முற்றுகைக் காலத்தில் படைக்குச் சோறு போட வேண்டிய நெல் இங்கே குவிக்கப்பட்டது. அந்த நெல் எந்தக் கணக்கில் வந்தது என்பதை விளக்க இரண்டு சொற்கள் வேண்டும். விளைச்சலைப் பங்கிடும்போது நிலத்தின் மேலுரிமை உடையவருக்கோ அரசுக்கோ போகும் பங்கு 'மேல்வாரம்'. உழுது பயிரிட்டவருக்கு நிற்கும் பங்கு 'குடிவாரம்'. வாரம் என்பது பங்கு. உழுதவர் என்பதால் அது உழவாரம் என்றோ, உழைத்தவர் என்பதால் கூலி என்றோ பெயர் பெறவில்லை. அந்த மண்ணில் குடியாக இருப்பவர் என்பதே அவருடைய பங்குக்கு உரிய காரணமாகச் சொல்லில் பதிந்தது. களஞ்சியம் மேல்வாரத்தின் வீடு. அது கல்லும் சுண்ணாம்புமாக நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. குடிவாரம் போய்ச் சேர்ந்த வீடுகள் மண்ணாலும் கீற்றாலும் ஆனவை. அவற்றில் ஒன்றின் சுவர்கூட இன்று எஞ்சவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த உரிமையின் வலிமையையும் அது முறிந்த இடத்தையும் ஒருசேரக் காட்டுகின்றன. கோயிலுக்கு ஊரையோ நிலத்தையோ தானமாக எழுதி வைக்கும்போது அது 'குடிநீங்காத் தேவதானமா', 'குடிநீக்கிய தேவதானமா' என்று பிரித்துச் சொல்வது வழக்கம். தேவதானம் என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலம். முன்பிருந்த குடிகள் அவ்விடத்திலேயே இருந்து பயிரிட, மேல்வாரம் மட்டும் கோயிலுக்குக் கைமாறினால் அது குடிநீங்காத் தானம். குடிகளின் உரிமையையும் சேர்த்து விலக்கி நிலத்தை முழுவதுமாகக் கொடுத்தால் அது குடிநீக்கிய தானம். நிலத்தின் உடைமை கைமாறுவதாலேயே அதில் இருப்பவர் வெளியேறிவிடுவார் என்று யாரும் கருதவில்லை என்பதையும், அவரை விலக்குவது தனியாக எழுதிக் கல்லில் வெட்ட வேண்டிய வேறொரு செயலாக இருந்தது என்பதையும் இந்தப் பாகுபாடு உணர்த்துகிறது. வீட்டை விற்றவர், வாங்கியவரிடம் 'குடித்தனத்தோட விக்கிறேன்' என்றோ 'காலி பண்ணிக் குடுத்துடறேன்' என்றோ இன்று சொல்வதில் அதே பாகுபாடு, கல்வெட்டை அறியாதவர் வாயிலும் தொடர்கிறது.

குடிகள் வைத்த இடத்தில் வாய்மூடி இருந்தவர்கள் என்றும் கொள்ள வேண்டியதில்லை. விஜயநகர ஆட்சியின்போது, 1429ஆம் ஆண்டை ஒட்டி, விருத்தாசலம் முதலிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், வலங்கை, இடங்கை என்னும் இரு சாதித் தொகுதியினரும் ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலவருவாயைத் தம் பிழைப்புக்கெனப் பெற்றிருந்த 'ஜீவிதக்காரர்'களும் சுமத்திய முறையற்ற வரிகளைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்ததைப் பதிவு செய்கின்றன. அதற்கும் இணங்காத ஆட்சியிடம் குடிகளுக்கு இருந்த கடைசி வழி குடிபெயர்வது. ஆள் போய்விட்டால் நிலம் தரிசு. தரிசில் மேல்வாரம் கிடையாது. எனவே, ஓடிப்போன குடிகளை வரி தள்ளுபடி செய்து திரும்ப அழைத்துக் குடியேற்றுவது ஆட்சியாளரின் கடமைகளில் ஒன்றாகவே இருந்துவந்தது.

தொண்டை மண்டலத்து நில உரிமைகளைப் பற்றிச் சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் தொகுத்து 1818இல் அச்சான விளக்கம், குடிகளுக்குள்ளேயே இருந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறது. ஊருக்குள் நிலையாக வீடு கட்டி, தலைமுறையாகப் பயிரிட்டு, உரிய பங்கைச் செலுத்தும் வரைக்கும் வெளியேற்றப்பட முடியாதவர் 'உள்குடி'. வேற்றூரிலிருந்து வந்து, குறித்த காலத்துக்கு மட்டும் பயிரிட்டுச் செல்பவர் 'பரகுடி'. இருவருமே நிலத்துக்கு உரியவர் அல்லர். இருவருமே பங்கு கொடுப்பவர்கள். ஆயினும் எவ்வளவு கொடுத்தார் என்பதை விட்டுவிட்டு, எங்கே இருந்தார், எத்தனை காலம் இருந்தார் என்பதைக் கொண்டே அவர்களின் தகுதி அளக்கப்பட்டது. இருத்தலின் நீளம் உரிமையாக முதிரும் என்பது அந்தச் சொற்களுக்குள் இருந்த நீதி.

இந்த நீதிக்கு மேலே, வைத்திருப்பவர்களின் வரிசை ஒன்று அடுக்கடுக்காக ஏறியது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர்ப் படையிடமும், அதனிடமிருந்து 1677இல் சிவாஜியிடமும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயரிடமும் செஞ்சி சென்றது. ஔரங்கசீப்பின் ஆணைப்படி 1700இல் புந்தேலரான சுவரூப் சிங் கோட்டைக் காவலராக, அதாவது கில்லேதாராக அமர்த்தப்பட்டு, படைச் செலவுக்கென்று வருவாய் ஒதுக்கப்பட்ட நிலத்தையும், அதாவது ஜாகீரையும் பெற்றார். கதைப்பாட்டும் தெருக்கூத்தும் தேசிங்குராஜன் என்று பெயர் சொல்லிப் போற்றும் தேஜ் சிங் அவருடைய மகன். தந்தை 1714இல் இறந்த பின் மகன் செஞ்சிக்கு வந்தபோது, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டவை இரண்டு: நிலுவைப் பணம், அவருடைய உரிமையைப் புதுப்பித்துப் பேரரசர் தந்த ஆணை. தந்தைக்கு வழங்கப்பட்டது தனக்கும் உரியது என்று மகன் நின்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் போர்க்களத்தில் மாண்டார். நீலவேணிக் குதிரையையும் மகபத் கானின் நட்பையும் சேர்த்து நாட்டார் நெஞ்சில் நிற்கும் அந்த வீர மரணத்தின் அடியில், பாக்கியும் புதுப்பித்தலும் பற்றிய வழக்கு ஒன்று இருந்தது. ஜாகீர்தாராக வந்தவரின் உரிமை அவருடைய பெயரில் இருந்த 'தார்' என்ற ஈற்றின் அளவே. மேலே இருந்தவர் கையை விரித்தால் அது நழுவிவிடும்.

நவாபுகளிடமிருந்து 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரரிடமும், 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடமும் கோட்டை போனது. அக்காலத்தில் வரி வசூல் பெரும்பாலும் ஏலத்தில் விடப்பட்டது. குறித்த தொகையை அரசுக்குக் கட்டிவிட்டு, ஊர்களிலிருந்து தாமே வசூலித்துக்கொள்ளும் உரிமையை எடுத்தவர் 'குத்தகைதாரர்', பாரசீக வழக்கில் 'இஜாராதார்'. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாள்களில் இவரைத்தான் 'ரென்டர்' என்று எழுதினார்கள். இன்று 'ரென்ட்' கொடுப்பவர் என்றால் வீட்டுக்கு உரியவருக்குக் கட்டுப்பட்டவர் என்று புரிந்துகொள்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் அதே சொல், குடிகளின் தலைக்கு மேல் அமர்ந்து அவர்களிடமிருந்து பிழிந்தெடுத்தவரைக் குறித்தது. தென்னார்க்காடு உட்படப் பல மாவட்டங்களில் கம்பெனி 1808 வாக்கில் மூன்றாண்டுக் கிராமக் குத்தகை முறையையும், அதன்பின் பத்தாண்டுக் குத்தகை முறையையும் கொண்டுவந்தது. காலக்கெடு முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் குத்தகைதாரருக்கு இருந்தது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே மண்ணில் இருக்க வேண்டிய கவலை குடிக்கு இருந்தது. பின்னர் குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை நிலைத்தபோதும், ஆண்டுக்கணக்கும் தொகையும் கொண்டு உறவை அளக்கும் பழக்கம் ஆட்சிமொழியில் தங்கிவிட்டது. 'கிஸ்தி', 'பாக்கி', 'ஜப்தி' என்னும் சொற்கள் ஊருக்குள் குடிவந்தது அந்த வழியில்தான்.

குடி என்னும் சொல்லைப் போற்றுகிறவர்கள் அதன் இருண்ட பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். ஊருக்குள் உள்குடியும் பரகுடியும் இருந்த காலத்திலேயே, வயலில் சேற்றில் இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் பலர் ஊருக்கு வெளியே, குடியென்று எண்ணப்படாமல் இருத்தப்பட்டார்கள். அவர்களின் குடிசை நின்ற மனையும் நிலவுடைமையாளருக்கே சொந்தம். வேலைக்குப் போகாத நாளில் குடிசையும் போகும் என்ற அச்சம் அவர்களைக் கட்டியிருந்தது. 'குடிமகன்' என்பது இன்று நாட்டின் முழு உரிமையாளரைக் குறிக்கிறது. பழைய ஊர்வழக்கிலோ அது முடி திருத்துபவர் போன்ற சேவைச் சாதியாரைக் கீழ்நிலைப்படுத்திச் சொன்ன பெயர். ஒரே சொல் ஒருவருக்கு வேராகவும் இன்னொருவருக்குக் கட்டுத்தறியாகவும் இருந்திருக்கிறது.

அந்தக் கட்டை அவிழ்க்கச் சட்டம் முனைந்தபோது நேர்ந்த ஒரு மொழி நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. வேளாண் தொழிலாளரும் சிறு பயிரிடுவோரும் பிறர் மனையில் குடிசை போட்டு வாழும் இடத்தை அவர்களுக்கே உடைமையாக்க, 1971இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் இயற்றியது. 1971 ஜூன் 19 அன்று எந்த மனையில் இருந்தார்களோ அந்த மனை அவர்களுக்கு உரியது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தின் தலைப்பிலேயே 'குடியிருப்பு' என்னும் தமிழ்ச்சொல் ஆங்கில எழுத்தில் நிற்கிறது. கேரளத்தின் 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டமும், குடிசை போட்டிருந்தவரை ஆங்கிலத்தில் பெயர்க்க முயலாமல் 'குடிகிடப்புகாரன்' என்றே குறித்தது. வாடகை கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம்; பத்திரம் இல்லை; உடைமை இல்லை; ஆனாலும் அங்கே அடுப்பு எரிந்தது, பிள்ளை பிறந்தது. அத்தகைய இருப்பிலிருந்து ஓர் உரிமையை வருவிக்க வேண்டியிருந்தபோது, பிடித்திருத்தலைக் குறிக்கும் சொற்கள் உதவவில்லை. இருத்தலைக் குறிக்கும் சொல்லையே சட்டம் நாட வேண்டியதாயிற்று. ஊர் யாரைக் குடியென்று எண்ண மறுத்ததோ அவரைச் சட்டம் குடியென்று எழுதியது.

நிலக் குத்தகையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. 1955ஆம் ஆண்டுப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்வதற்கான 1969ஆம் ஆண்டுச் சட்டமும் ஏட்டில் இருந்தும், செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வாய்ப்பேச்சாகவே நிலம் குத்தகைக்கும் வாரத்துக்கும் விடப்படுவது வழக்கம். நெல்லையும் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையையும் மூட்டை மூட்டையாகச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஊரார் சொல்லும் 'கமிட்டி'க்கு, ஏற்றிவரும் விவசாயிகளில் சொந்த நிலம் இல்லாதவர்களும் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்னும் பதிவேட்டில், தம் பெயர் ஏறாதவருக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் எட்டுவது கடினம். குடியை எழுதிவைக்க ஒரு பத்தி அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. பெயர் எழுதப்பட்டால் உரிமை முளைத்துவிடுமோ என்ற அச்சம் அந்தப் பத்தியை வெறுமையாக வைத்திருக்கிறது.

வீட்டு வாடகையிலும் இதே அச்சத்தின் சாயல் உண்டு. பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிப் பன்னிரண்டாம் மாதம் புதிதாக எழுதும் வழக்கம், இருத்தலின் நீளம் உரிமையாக முதிர்ந்துவிடாமல் தடுக்கும் வேலி போலவே கையாளப்படுகிறது. உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும் என்றது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்னும் அளவையும் குறித்தது. எழுத்தில் இருக்கும் உறவு இருவருக்கும் காப்பு என்பதில் ஐயமில்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வீட்டை இழந்தவர்களுக்கும், முன்பணத்தைத் திரும்பப் பெற அலைந்தவர்களுக்கும் 'வாடகைதாரர்' என்ற சட்டச்சொல் ஒரு பிடிமானம். அந்தப் பிடிமானத்தைத் தரும் சொல்லை, பேச்சுமொழியின் இனிமைக்காக யாரும் இழக்கச் சொல்ல முடியாது.

பேச்சுமொழியின் சொல்லுக்கு மற்றொரு குறையும் உண்டு. 'குடித்தனம்' என்பது குடும்பம் நடத்துவதையும் குறிக்கும். திருமணமானவர்கள் குடித்தனம் செய்கிறார்கள், பெற்றோரைப் பிரிந்தால் தனிக்குடித்தனம் போகிறார்கள், நகரத்தின் நெருக்கடியில் ஒரே கூரையின் கீழ் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறார்கள். 'வீட்டுக்காரர்' என்ற சொல் ஒரு பெண்ணின் கணவரையும் வீட்டு உரிமையாளரையும் ஒருங்கே சுட்டுவது போல, குடித்தனம் தாம்பத்தியத்தையும் வாடகை வாழ்வையும் ஒருங்கே சுட்டுகிறது. இதனால் குடும்பம் என்று ஊர் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் இல்லாதவருக்கு அந்தச் சொல்லுக்குள் இடம் கிடைப்பதில்லை. தனியாக வேலை பார்க்க வந்த பெண், திருமணமாகாத ஆண், கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்தவர் ஆகியோரிடம் 'குடித்தனத்துக்குத்தான் வீடு' என்று சொல்லப்படுகிறது. சாதியையும் மதத்தையும் நேராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் 'சொந்த ஊர் எது', 'சைவமா' என்று சுற்றிவளைத்துக் கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் வீடு பேசி முடிந்துவிட்டது என்று கதவைச் சாத்துவதும் தமிழ்நாட்டின் ஊர்களில் அறியாத செய்தி இல்லை. குடிவைத்தல் என்னும் அழகிய வினை யாரை வைக்க மறுக்கிறது என்று கேட்காமல் அதைப் புகழ்வது நேர்மையாகாது.

இக்குறைகளை அறிந்த பின்னும், அந்தச் சொல்லைக் கைவிடாமல் விரிக்கவே மனம் ஏவுகிறது. ஏனெனில் அதில் இருக்கும் ஒன்றை மற்றச் சொற்களால் தர முடியவில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோகும் விடியற்காலையைப் பார்த்தால் அது விளங்கும். 'ஆனி அடி எடுக்காதே, கூனி குடி போகாதே' என்று பங்குனியையும் ஆனியையும் விலக்கும் பழமொழியை ஒட்டியும், ஆடியையும் மார்கழியையும் தள்ளியும் நாள் பார்க்கப்படுகிறது. கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் பின்னால் குட்டியானை வண்டியில் வரும். முதலில் வீட்டுக்குள் நுழைபவை சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி. நேற்று வெள்ளையடித்த சுவரின் சுண்ணாம்பு வாசனை போகாத சமையலறையில், ஒற்றை அடுப்பை வைத்து, குங்குமம் இட்ட பாத்திரத்தில் பாலை ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். பால் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும் வரைக்கும் யாரும் அடுப்பைத் தணிப்பதில்லை. வழிந்த பால் அடுப்பில் பட்டுத் தீய்ந்த மணம் எழும்போதுதான் வீட்டாரின் முகத்தில் நிறைவு தெரிகிறது. சர்க்கரை கலந்த அந்தப் பாலில் ஒரு டம்ளர் வீட்டுக்காரருக்குப் போகிறது. சொந்த வீட்டுக்குச் செய்வதையே, பதினோரு மாதம் என்று எழுதப்பட்ட வீட்டுக்கும் செய்கிறார்கள்; அடுப்பு மூட்டிப் பால் பொங்கவைத்த இடம் தம் குடி என்பதை யாரும் கற்றுத்தராமலே அறிந்திருக்கிறார்கள்.

இந்தியாவின் அரசமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அமைப்புக்குத் தமிழ் கொடுத்த பெயர் 'குடியரசு'. அதில் உறுப்பாக இருக்கும் தகுதிக்குக் கொடுத்த பெயர் 'குடியுரிமை'. நாட்டின் மீதான உரிமைக்கும் பிறர் வீட்டில் வாழும் நிலைக்கும் ஒரே வேர் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடத் தோன்றவில்லை. ஒருவர் ஓரிடத்தில் அடுப்பு மூட்டி, தெருவாருடன் பழகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, நல்லது கெட்டதுக்குக் கூட நின்று வாழ்ந்தால், அந்த இடத்தின் மீது அவருக்கு ஒரு சொந்தம் உண்டாகிறது என்ற நம்பிக்கையே இரண்டு சொற்களுக்கும் அடித்தளம். அந்தச் சொந்தம் உடைமை ஆகாது. வீட்டுக்காரரின் பத்திரத்தோடு அது போட்டியிடுவதும் இல்லை. அவரைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது, அவமதிக்கக் கூடாது, அவர் குடியின் வடிவம் என்னவென்று விசாரித்து ஒதுக்கக் கூடாது என்பவை அந்தச் சொந்தம் கேட்கும் எளிய மரியாதைகள். 'வாடகைதாரர்' என்னும் சொல் சட்டத்தின் காப்பைத் தரட்டும்; 'குடி' என்னும் சொல் இந்த மரியாதையைத் தர வேண்டும்; தனியாக வருபவரும் தொலைவிலிருந்து வருபவரும் ஊரால் ஒதுக்கப்பட்டவரும் அதற்குள் வரும் அளவுக்கு அதன் வாசல் அகல வேண்டும்.

செஞ்சிக் கோட்டை, மராட்டியப் படையரண்களின் தொகுதியைச் சேர்ந்த 12 கோட்டைகளில் ஒன்றாக, அவற்றுள் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டையாக, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதை வைத்திருந்தவர்களின் பெயர்களும் ஆண்டுகளும் அங்கே அறிவிப்புப் பலகைகளில் படிக்கக் கிடைக்கும்; இரவில் அங்கே விளக்கேற்ற ஒருவரும் இல்லை. கோட்டையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்து, ஏதேனும் ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், உரிமையாளரின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுவதைவிட, 'டீச்சரம்மா குடியிருந்த வீடு', 'தாசில்தார் குடியிருந்த வீடு' என்று சொல்லிக் கைகாட்டுவதே ஊரார் வழக்கம். அவர்கள் மாற்றலாகிப் போய் ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். அதன்பின் அந்த வீட்டில் வேறு எத்தனையோ பேர் பால் காய்ச்சியிருக்கலாம். அவர்கள் கொடுத்த வாடகை எவ்வளவு என்பது தெருவில் ஒருவருக்கும் நினைவிருக்காது. குடியிருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. வீட்டுக்குப் பெயராகி நிற்பதும் அதுதான்.